திரைக்கு மேலே தெரிந்தது

மழை நினைத்தால் வரும், மறந்தால் வராது என்றிருந்த காலத்துக் கதை இது, கேளுங்கள். வானவராயன் என்றொரு ராஜா பெரிய கோயில் கட்டினான். மண்டபச் சுவரில் அம்மனைப் பனை உயரத்துக்கு எழுத, காரிச்சாத்தன் என்ற ஓவியனை அழைத்தான்.

சாத்தன் அம்மன் பேரைச் சொல்லாமல் தூரிகையைத் தொடமாட்டான். பாதம் எழுதினான், கை எழுதினான், முகம் எழுதினான். கண்ணை மட்டும் விட்டுவைத்தான்.

கண் கடைசியில்தான். அது வழக்கம். அதுவரை ஓவியனுக்குப் பச்சைத்தண்ணீர்தான் ஆகாரம். அம்மனுக்கு முதுகு காட்டி நின்று, எதிரே பிடித்த கண்ணாடியில் பார்த்துத்தான் கண்ணை எழுதுவான். திறந்த கண் முதலில் எதைப் பார்க்கிறதோ, அதுவே அந்த வருஷம் நாட்டில் நிறையும் என்பது நம்பிக்கை. அதனால் வாசலில் நெல்லை மலையாய்க் குவிப்பார்கள்.

அந்த வருஷமோ பஞ்சம். நெல் குவிந்ததும் ஜனம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு காலிச் சட்டி.

ராஜா முகம் சுளித்தான். "அம்மன் கண்ணில் இதுவா படவேண்டும்? நெல்லுக்குப் பின்னால் பட்டுத்திரை கட்டுங்கள். கண் திறந்ததும் நெல்லை அள்ளிக் களஞ்சியத்தில் போடுங்கள்."

மூங்கில் கட்டிய சாரத்தின் மேல் நின்ற சாத்தன் காதில் அது விழுந்தது. அவன் வயிறும் எரிந்துகொண்டிருந்தது. 'என் பசி கண் திறந்ததும் முடிந்துவிடும். இவர்கள் பசி?' கண் திறக்கிற பொன்னூசியைக் கீழே வைத்தான்.

முதலில் அமைச்சர் வந்தார். "என்ன சாத்தா, திறந்தாயா?"

"திரை மறைக்கிறதே ஐயா."

"நெல் திரைக்கு முன்னால்தானே இருக்கிறது? உனக்கென்ன, பசி மயக்கமா?"

"பசிதான் ஐயா. மயக்கம் இல்லை."

அடுத்து தளபதி வந்தான். "பொழுது சாய்வதற்குள் திறக்காவிட்டால் அந்த வலக்கை உனக்கில்லை."

சாத்தன் கையைப் பார்த்தான். அதுதான் அவன் சோறு, அதுதான் அவன் பூசை. "தாயே, இந்தக் கையைப் பொய் எழுத வைக்காதே" என்று முணுமுணுத்தான்.

மூன்றாவதாக ராஜாவே வந்தான். "என்னதான் வேண்டும் உனக்கு?"

"கண்ணாடி பிடிக்க நாட்டுக்குப் பெரியவர் வேண்டும், மகாராஜா. ஆனால் பிடிக்கிறவர் முதலில் அம்மன் கண்மட்டத்தில் நின்று, பார்வை எங்கே போகிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும்."

பெருமை பிடிபடவில்லை ராஜாவுக்கு. கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாரத்தில் ஏறினான். சுவரை ஒட்டி நின்று வாசலைப் பார்த்தான்.

அங்கிருந்து நெல்மலை ஒரு கைப்பிடியாய்த் தெரிந்தது. திரை கீழே ஒரு கந்தல் துண்டாய்ச் சிறுத்திருந்தது. அதற்கு மேலே, கண்ணுக்கு எட்டியவரை ஜனம். நடுவில் ஒரு சின்னப் பெண், காலிச் சட்டியைத் தலையில் கவிழ்த்து, முடிசூடியதுபோல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

ராஜாவின் கை தன் கிரீடத்துக்குப் போய், அப்படியே நின்றது.

"இதெல்லாம் அம்மனுக்குத் தெரியுமா, சாத்தா?"

"திறந்தால் தெரியும், மகாராஜா. அதனால்தான் திறக்கப் பயமாக இருக்கிறது."

ராஜா மறுபடி அந்தப் பெண்ணைப் பார்த்தான். பிறகு சாரத்திலிருந்தே கூவினான். "திரையை அவிழ்த்தெறியுங்கள்! நெல்லைக் குத்தி உலையில் போடுங்கள்! களஞ்சியத்தையும் திறந்துவிடுங்கள்!"

அமைச்சர் கையைப் பிசைந்தார். "அப்போது அம்மன் பார்க்க நெல்?"

"சோறாகப் பார்க்கட்டும்!"

அடுப்புகள் புகைந்தன. இலைகள் விரிந்தன. பந்தி அமர்ந்து முதல் கவளம் வாய்க்குப் போனபோது, ராஜா கண்ணாடி பிடிக்க, சாத்தன் பொன்னூசியை எடுத்து, முதுகு காட்டி நின்று கண்ணை எழுதினான்.  பிறகு இறங்கிப்போய்க் கடைசி இலையில் உட்கார்ந்தான்.

மழை வந்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம் தாமதமாய்த்தான் வந்தது. அது வரும்வரை களஞ்சியக் கதவை யாரும் சாத்தவில்லை.

பசித்தவரைத் திரைபோட்டு மறைத்துவிட்டுச் செய்கிற பூசை, எந்தத் தெய்வத்தின் கண்ணிலும் படாது.