கோளாறு என்றால் கூப்பிட வேண்டிய எண்

திருப்பூரில் மூவாயிரம் பேர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி. கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் குழந்தைவேலுக்கு முதலாளியிடம் பேர் வாங்க அவசரம்.

"புது வருகைப்பதிவு ஆப் திங்கட்கிழமையே எல்லாருக்கும் போயிடணும். சோதனையெல்லாம் வேண்டாம். ஒரு தப்பும் வராது" என்றார்.

புகார் போன்களை எடுக்கும் தாமரைச்செல்வி, "ஒரு செக்ஷன்ல மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பாக்கலாங்க சார். பதிவு விழலைன்னா சம்பளத்தைப் பிடிச்சுருவாங்க" என்றாள்.

"சொன்னதைச் செய்."

"சரிங்க சார்" என்றவள், அறிவிப்பை அடித்து நீட்டினாள். 'கோளாறு என்றால் அழைக்கவும்' என்ற கடைசி வரியில் அவருடைய செல்போன் எண் இருந்தது.

"என் நம்பர் எதுக்கு?"

"ஒரு தப்பும் வராதுன்னீங்களே சார். அந்த போன் அடிக்கவே அடிக்காதுங்க."

குழந்தைவேல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்த ஒரு வாரம், எந்த செக்ஷன்ல ஓட்டலாம்?"