சூரியக்காற்றுக்கு இரண்டு காவல்

அந்தக் காலத்தில் புறா பேசும், விண்கலமும் பேசும். நடுவே எத்தனை தூரம் இருந்தாலும் பேச்சு போய்ச் சேரும்.

சூரியனிடமிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்று பூமியைப் பார்த்து வீசிக்கொண்டே இருக்கும். சாதாரண நாளில் அதனால் ஒன்றுமில்லை. மூர்க்கமாக வந்துவிட்டால்தான் புறாக்களுக்குத் திசை கலங்கிப்போகும். கடலுக்கு மேல் பறக்கிற புறா, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் களைத்து விழுந்துவிடும்.

அதை முன்கூட்டிச் சொல்லத்தான் முன்னி என்ற விண்கலம் காவல் இருந்தாள். சூரியன் ஒரு பக்கமும் பூமி ஒரு பக்கமும் இழுக்க, எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும்படி வெகுதொலைவில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை ஒட்டியே அவள் உலாவுவாள். காற்று முதலில் அவள்மேல் படும். பூமிக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லிவிடுவாள்.

ஒரு காலையில் சாம்பி என்ற பெண் புறா, தன் புருஷன் தீவுக்கு இரை தேடப் போகலாமா என்று முன்னியிடம் கேட்டாள். கூரையடிக் கூட்டில் இரண்டு குஞ்சுகள். முன்னி அன்றைக்குத் தன் இடத்தின் ஓரத்துக்கு வந்திருந்தாள். மேலே பட்ட காற்று இதமாகத்தான் இருந்தது. தாராளமாகப் போகச் சொன்னாள். மூர்க்கக் காற்றோ அவளைத் தொடாமல் ஒதுங்கிப் போய்ப் பூமியில் அடித்தது. போனவன் திரும்பி வரவில்லை.

தான் பொய் சொல்லவில்லை என்றாள் முன்னி.

"பொய் சொன்னேன்னு நான் சொல்லலையே," என்றாள் சாம்பி. "உன்மேல பட்டதைச் சொன்ன. எங்கமேல படப்போறதும் அதுதான்னு நீயா நெனச்சுக்கிட்ட. இனி நான்தான் போகணும். நானும் வரலைன்னா இதுங்களுக்கு யார் இருக்கா?"

முன்னி யோசித்தாள். பூமிக்குக் கிட்டப் போய் நின்றால் சொல் தப்பாது. ஆனால் புறா கரைக்குத் திரும்ப நேரம் இருக்காது. இங்கேயேதான் நிற்க வேண்டும். ஒற்றையாக மட்டும் நிற்கக் கூடாது.

அப்போது வானத்தில் முன்னியைத் தவிர இருந்த கலம் ஒன்றுதான், வெள்ளையம்மாள். அண்ணன் தம்பியான இரண்டு ராக்கெட்டுகள் ஏற்றிவிட்டதால் இவர்கள் ஓரகத்திகள். வெயில் வாங்கும் தகடு அவளுக்குப் பெரிது என்று இவளுக்கும், காவல் இடம் முதலில் இவளுக்குக் கிடைத்தது என்று அவளுக்கும் ஆகாது. பேச்சுவார்த்தை நின்று வெகுநாள் ஆகியிருந்தது. முன்னி மனசைக் கல்லாக்கிக்கொண்டு தானே கூப்பிட்டாள். எதிர் ஓரத்தில் வந்து நின்று, தான் சொல்வது சரிதானா என்று பார்க்கச் சொன்னாள்.

"அக்கா சொல்றதுல தப்புக் கண்டுபிடிக்கணுமா? அதைவிட எனக்கு வேற என்ன வேலை," என்று வந்தாள் வெள்ளையம்மாள்.

"நல்லாப் பாரு. எனக்காகப் பூசி மெழுகாத."

மறுநாள் குஞ்சுகள் பசியில் கத்தின. சாம்பி எழும்பினாள். முன்னி, காற்று இதம்தான், போகலாம் என்றாள். மற்றவளிடமிருந்து வார்த்தை வரவில்லை. சாம்பிக்கு இறங்கவும் மனசில்லை, போகவும் துணிவில்லை. கூரைக்கு மேலேயே வட்டமிட்டாள். இரண்டாம் சுற்றில் வெள்ளையம்மாள் பேசினாள்.

"அக்கா, இந்தப் பக்கம் சுடுது."

முன்னி வாதாடவில்லை. தன் வாயாலேயே, "சாம்பி, எங்க ரெண்டு பேர் சொல்லும் ஒத்துப்போகலை. கடல் பக்கம் போகாத," என்றாள்.

சாம்பி வயல்பக்கம் திரும்பி, வரப்பில் கிடந்த புல்விதையைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அரை வயிற்றுக்குத்தான் ஆனது. ஒரு மணி நேரத்தில் அந்தக் காற்று கடலில் அடித்தபோது அவள் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு கூட்டில் இருந்தாள்.

பிறகும் சில நாள் அவர்கள் சொன்ன காற்று வராமலே போனது. வீணாய் ஒரு நாள் போனதே என்று சாம்பி ஒரு தரமும் குறைப்படவில்லை.

அன்று முதல்தான் சூரியக்காற்றுக்கு ஒற்றைக் காவல் போதாது என்று ஆனது. புறாவும் எழும்பிய உடனே நேரே போய்விடாமல், அடுத்தவள் வார்த்தையும் வரட்டும் என்று கூரைக்கு மேல் வட்டமடித்துவிட்டே போகிறது.