சோளக்காட்டு அஸ்திரம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் திண்டாடிய காலத்தில், ஒரு நாட்டை மகுடவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்ல மனிதர்தான். மானம் போகிறது என்று தோன்றினால் மட்டும் சின்னக் குழந்தையாகிவிடுவார்.

அவர் ஒருநாள் வேட்டைக்குப் போனார். மானும் கிடைக்கவில்லை, முயலும் கிடைக்கவில்லை. நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் மட்டும் கிடைத்தது. அதோடு நேராகச் சபைக்கு வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே காவலர்கள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அவள் பெயர் காத்தாயி. ஊருக்கு வெளியே சோளக்காட்டில் பரண் மேல் நின்று காவல் காப்பவள். இடுப்பில் கவண் செருகியிருந்தது. அவள் கவணில் வைத்துச் சுழற்றி விட்ட கல்தான் ராஜாவின் நெற்றியைப் பதம் பார்த்திருந்தது. அந்தக் கல்லையும் ஒரு காவலன் பட்டுத்துணியில் வைத்து, பிள்ளையாரை ஏந்துவது போல ஏந்தி நின்றான்.

"நாம் குதிரை மேல் போய்க்கொண்டிருந்தோம். இவள் எம்மைக் கல்லால் அடித்தாள்," என்றார் ராஜா.

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "குதிரையா? நான் ஒரு குதிரையும் பாக்கலியே சாமி. காட்டுக்குள்ள என்னமோ நாலு கால்ல..."

"வாயை மூடு!" என்று ராஜா கத்தினார்.

அவர் கத்திய வேகத்தைப் பார்த்ததும் ஆதிமூலத்துக்குச் சந்தேகம் தட்டியது. ஆதிமூலம் அந்தச் சபையின் விகடர். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் உத்தியோகம். அதற்காக ராஜாவின் முகத்தைப் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பழகியதால், அதில் ஒரு தூசி கூடினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். இன்று மீசையில் பச்சைச் சோளத்தின் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. இரண்டு முழங்காலிலும் செம்மண். சரிதான், பசி பொறுக்காமல் மகாராஜா சோளக்காட்டுக்குள் தவழ்ந்து போய்க் கதிர் ஒடித்துத் தின்றிருக்கிறார்! ஆதிமூலத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் காத்தாயி தன் கழுத்தைத் தடவிக்கொள்வதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

தடவாமல் என்ன செய்வாள்? சபைத் தூணில் செதுக்கியிருந்த பழைய சட்டம் அப்படி. 'அரசர் மேல் அஸ்திரம் விட்டவருக்குத் தலை போகும்' என்பது முதல் வரி. 'அரசரைத் தெரியாமல் காயப்படுத்தியவர் ஒரு குடம் மோர் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்பது இரண்டாவது வரி. காத்தாயி கொடுக்க வேண்டியது தலையா, மோரா என்பதுதான் அன்றைய வழக்கு.

ராஜாவுக்கு அவள் தலையில் ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் தெரியாமல்தான் அடித்தாள் என்று சொல்ல வேண்டுமானால் நடந்ததை விசாரிக்க வேண்டும். விசாரித்தால் சோளக்கதிர் வெளியே வந்துவிடும். ஆகவே அவர் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார்.

"அஸ்திரம் என்றால் என்ன? இந்தக் கல் அதில் சேருமா, சேராதா? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஆதிமூலம் முந்திக்கொண்டார். "மன்னா, அஸ்திரம் என்றால் வீரர்கள் போரில் விடுவது. இது காக்கை ஓட்டும் கல். மோர் வாங்கிக்கொள்ளுங்கள். வீக்கத்துக்கும் குளிர்ச்சி."

"தவறு!" என்று ஒரு குரல் கேட்டது.

எழுந்து நின்றவர் தலைமைப் புலவர் சப்தசாகரர். பெரிய படிப்பாளி, அதில் பொய்யில்லை. ஆனால் தன் செய்யுளைக் கேட்டு ராஜா கொட்டாவி விடுவதையும், ஆதிமூலம் தும்மினால்கூட விழுந்து விழுந்து சிரிப்பதையும் பார்த்துப் பன்னிரண்டு வருஷமாக வயிறு எரிந்துகொண்டிருந்தவர்.

"அரசே, வடமொழியில் 'அஸ்' என்ற வேருக்கு எறிதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்தது அஸ்திரம். வாள், கத்தி போல் கையிலே பிடித்தபடி வெட்டுவது சஸ்திரம். கையை விட்டுப் போய் எதிரில் இருப்பவர் மேல் படுவது எதுவோ, அது அஸ்திரம். அம்பும் அஸ்திரம், ஈட்டியும் அஸ்திரம், இந்தக் கல்லும் அஸ்திரமே. விகடர் நாளைக் காலைக்குள் இதைப் பொய்யென்று காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் இவள் தலையோடு அவருடைய உத்தியோகமும் போகட்டும்."

சபை ஆதிமூலத்தைப் பார்த்தது. ஆதிமூலம் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"புலவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, மன்னா. இவ்வளவு நல்ல விளக்கம் வீணாகப் போகக்கூடாது. அவர் சொன்னபடியே தூணில் சட்டத்துக்குக் கீழே செதுக்கிவிடுங்கள். தண்டனையை நாளைச் சபையில் சொல்லுங்கள். எனக்கு ஆயுதசாலையிலிருந்து ஒரு பெரிய கேடயம் மட்டும் வேண்டும்."

"எதற்கு?" என்றார் ராஜா.

"நாட்டில் அஸ்திரம் பெருகிவிட்டதே மன்னா, பயமாக இருக்கிறது."

காத்தாயிக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்களாச்சும் எனக்குப் பரிஞ்சு பேசுவீங்கன்னு நெனச்சேனே சாமி."

"பேசத்தான் போகிறேன் தாயே," என்று ஆதிமூலம் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு நான் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்." சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் பயம்தான். தன் உத்தியோகம் போனால் எங்காவது கூத்தாடிப் பிழைத்துக்கொள்ளலாம். காத்தாயியின் தலை போனால் திரும்ப வருமா?

மறுநாள் காலை சபை கூடியது. அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா வந்து உட்கார்ந்ததும், தலைமைப் புலவர் வாழ்த்துச் செய்யுள் சொல்லி, மஞ்சள் அரிசியான அட்சதையை மூன்று முறை ராஜாவின் தலையில் போட வேண்டும். ஆனால் சிம்மாசனம் ஏழு படி உயரத்தில் இருந்தது. படியில் வேறு யாரும் கால் வைக்கக்கூடாது. கீழே நின்று மெல்லத் தூவினால் அரிசி மூன்றாம் படியைக்கூடத் தாண்டாது. அதனால் சப்தசாகரர் காலை அகட்டி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய், குறி பார்த்து வீசுவார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒருநாளும் குறி தப்பியதில்லை.

அன்றும் செய்யுளை முடித்து வீசினார். படியில் கால் வைக்காமல் பின்பக்கமாக ஏறி, சிம்மாசனத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஆதிமூலம் கேடயத்தோடு ராஜாவின் முன்னால் பாய்ந்தார்.

"காவலர்களே! அரசர் மேல் அஸ்திரம்!"

அரிசி கேடயத்தில் பட்டுச் சடசடவென்று உதிர்ந்தது. காவலர்கள் ஒன்றும் யோசிக்காமல் புலவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"விடுங்கள்! இது அட்சதை! ஆசீர்வாதம்!" என்று புலவர் அலறினார்.

"கையில் இருந்ததா?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"இருந்தது."

"கையை விட்டுப் போனதா?"

புலவர் கீழே உதிர்ந்து கிடந்த அரிசியைப் பார்த்தார்.

"எதிரில் இருப்பவர் மேல் பட்டிருக்குமா, நான் குறுக்கே வராவிட்டால்? தூணைப் படியுங்கள் புலவரே. நேற்று நீங்கள் சொன்ன வாசகம். செதுக்கிய தூள்கூட இன்னும் கீழே கிடக்கிறது. மன்னா, பன்னிரண்டு வருஷம் தினமும் மூன்று கை அஸ்திரம்! நீங்கள் உயிரோடு இருப்பது குலதெய்வத்தின் கருணை."

சபையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ராஜாவின் மீசையும் லேசாக ஆடியது.

சப்தசாகரருக்கு வியர்த்துக் கொட்டியது. "அரசே, சொல் பிறந்தது எறிதலில்தான். ஆனால் எறிந்ததெல்லாம் அஸ்திரம் ஆகிவிடாது. பகையை மனத்தில் வைத்து, மந்திரம் சொல்லி விட்டால் ஒரு துரும்பும் அஸ்திரம். பகை இல்லாவிட்டால் துரும்பு வெறும் துரும்புதான். பழைய கதைகளெல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. என் மனத்தில் வாழ்த்தைத் தவிர ஒன்றும் இல்லை!"

"இதையும் தூணில் செதுக்கலாமா?" என்று கேட்டார் ஆதிமூலம்.

"செதுக்குங்கள், செதுக்குங்கள்! கையை மட்டும் விடச் சொல்லுங்கள்!"

ஆதிமூலம் கேடயத்தை இறக்கிவிட்டுக் காத்தாயியிடம் திரும்பினார். "நீ சொல் தாயே. கல்லை விடும்போது என்ன மந்திரம் சொன்னாய்? மனத்தில் யாரை நினைத்தாய்?"

"மந்திரமா? எனக்கென்ன தெரியும் சாமி. கதிரு ஒடியற சத்தம் கேட்டுச்சு. சோளத்தட்டை அசைஞ்சுச்சு. 'ச்சூ, போ பன்னி'ன்னு சொல்லித்தான் விட்டேன். பன்னின்னுதான் நெனச்சேன்."

சபையில் எல்லோரும் ராஜாவின் பக்கம் திரும்பினார்கள். சப்தசாகரரின் முகம் மறுபடியும் மலர்ந்தது. "அரசே! தங்களைப் பன்றி என்கிறாள்!"

"இல்லை," என்றார் ஆதிமூலம். "அவள் நினைப்பில் அரசரே இல்லை என்கிறாள். பன்றியை விரட்ட விட்ட கல், அரசர் மேல் விட்ட அஸ்திரம் ஆகாது. குதிரை மேல் போன மன்னருக்கு அது எப்படிப் பட்டது என்பதுதான் புரியவில்லை. காற்றடித்து வந்திருக்கும்." சொல்லிக்கொண்டே தன் மீசையை ஒரு விரலால் மெல்லத் துடைத்துவிட்டுக்கொண்டார்.

ராஜா அந்த விரலைப் பார்த்தார். இவனுக்கு நேற்றே எல்லாம் தெரிந்திருக்கிறது. இவ்வளவு பேர் நடுவில் வாய் திறக்காமல் நம் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று அவருக்குப் புரிந்தது. எதிரே காத்தாயி, தலையா மோரா என்று அவர் முகத்தையே பார்த்து நின்றாள். மகுடவர்மருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் முற்றிச் சிரிப்பாக வெடித்தது.

"காற்றும் இல்லை, குதிரையும் இல்லை! பன்றிதான் ஐயா, பன்றிதான்! பசி தாங்கவில்லை, உள்ளே புகுந்துவிட்டோம். என்ன இனிப்புக் கதிர்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காத்தாயி, உன் தலை உன்னிடமே இருக்கட்டும். சட்டப்படி ஒரு குடம் மோர் கொடு. அதை நாமே உன் காட்டுக்கு வந்து குடிக்கிறோம். இந்த முறை வரப்பு மேல் நிமிர்ந்து நடந்து வருவோம்."

பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். பரிசு கொடுக்கும்போது மேலிருந்து வீசுவது அவர் வழக்கம். பழக்கத்தில் கையை ஓங்கியதும், பக்கத்தில் நின்ற ஆதிமூலம் கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"மன்னா, மனத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள்!"

ராஜா இன்னும் பலமாகச் சிரித்து, மாலையை அவர் கழுத்தில் தானே போட்டார். "நீ கேள் காத்தாயி, உனக்கு என்ன வேண்டும்?"

காத்தாயி சிம்மாசனத்தின் பக்கத்தில் வைத்திருந்த பட்டுத்துணியைக் காட்டினாள். "என் கல்லைக் குடுத்துருங்க மகாராசா. ஆத்துல தேடி எடுத்த உருண்டைக் கல்லு. கவணுக்கு அந்த மாதிரி அமையாது."

ராஜா கல்லை எடுத்தார். மேலிருந்து வீசப் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு, ஏழு படியும் இறங்கி வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல வேளை," என்றாள். "கல்லுக்கு ஒண்ணும் ஆகலை."

மகுடவர்மர் வீக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு ஆயுதசாலை வரைக்கும் கேட்டதாம்.