பதினோராவது மாடிப் பனைச்செடி

ஒரு ஊர்ல ஒரு பதினோராவது மாடி. அந்த மாடியில ஒரு வீடு. வீட்டுக் கூடத்துல, பீங்கான் தொட்டியில, ஒரு செடி. நர்சரிக்காரன் அதை 'அரேகா பாம்'னு வித்தான். நாம பனைச்செடின்னே வச்சுக்குவோம். காய்க்காது, நிழல் தராது, அழகுக்கு நிக்கும். கேக்குறியா?

"ம்."

வீட்டுக்காரி பேரு மங்களேஸ்வரி. வீட்டு வேலைக்கு வர்றவ அஞ்சுகம். செடி வந்த அன்னிக்கு அஞ்சுகம் துடைப்பத்தைக் கீழ வச்சுட்டு, "என்ன அழகும்மா!"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அடுத்த வாரமே காம்பெல்லாம் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. அது நர்சரியிலேயே ஏறி வந்திருக்கும். ஆனா மங்களேஸ்வரி, "உன் கண்ணு பட்டுடுச்சுடி"ன்னா. அதோட விட்டாளா? அந்தக் கட்டடத்துப் பொம்பளைங்க வாட்ஸ்அப் குழுவுலயும் போட்டா. மறுநாளே கீழ ரெண்டு வீட்டுல, "இனிமே நீ வர வேண்டாம் அஞ்சுகம்." மிச்சம் இந்த ஒரு வீடு. "மாசக் கடைசிக்குள்ள செடி தேறணும். இல்லேன்னா இங்கயும் வராதே"ன்னா மங்களேஸ்வரி.

அப்போ அஞ்சுகம் அழுதாளா? இல்லை. பழைய பனியனைச் சோப்புத் தண்ணியில நனைச்சு, காம்பு காம்பா, சர்ரு சர்ருன்னு துடைச்சா. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாவுப்பூச்சி போச்சு.

"பூச்சிக்கு வலிக்குமா அத்தே?"

வலிக்கும். கேளு.

அப்புறம் இலைக்கு அடியில மெல்லிசா வலை. ஏசிக் காத்துல காஞ்ச இலையில பொடிப்பொடியா சிவப்புப் பேன், கூட்டமா உக்காந்து சாறு உறிஞ்சுது. தரதரன்னு தொட்டியைக் குளியலறைக்கு இழுத்துட்டுப் போயி, இலையோட அடிப்பக்கமெல்லாம் சோன்னு தண்ணி பீச்சினா. ஏசிக்கு எதிர்ல வைக்காம தள்ளி வச்சா. பேனும் போச்சு.

அப்புறம் மூணாவது. இலை நுனியெல்லாம் தீஞ்ச அப்பளம் மாதிரி பழுப்பு. தண்ணியைக் குறைச்சுப் பார்த்தா. கூட்டிப் பார்த்தா. ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தா. பழுப்பு ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. மாசம் முடிய மூணே நாள். ம் சொல்லு.

"...ம்."

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. அஞ்சுகம் சீக்கிரமா வந்துட்டா. உள்ள பார்த்தா, மங்களேஸ்வரி கை நிறைய கல் உப்பை வச்சுக்கிட்டு செடியை மூணு சுத்து சுத்தி, உப்பைச் சொம்புத் தண்ணியில கரைச்சு, மடமடன்னு தொட்டியிலேயே ஊத்துறா.

"என்னம்மா பண்றீங்க?"

"உன் திருஷ்டியைத்தான் கழிக்கிறேன். வாராவாரம்."

"அதைத் தொட்டியிலயா ஊத்துவாங்க?"

"கால் படாத இடத்துல ஊத்தணும்டி. பதினோராவது மாடியில கால் படாத இடம் வேற எங்க இருக்கு?"

முறை தப்பாமத்தான் செஞ்சிருக்கா, பாரு.

அஞ்சுகம் தொட்டி மண்ணுல ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினா. "நாக்குல வச்சுப் பாருங்கம்மா."

வச்சா. த்தூ! "ஒரே கரிப்பு!"

"நீங்க துப்பிட்டீங்க. அது எங்க போயி துப்பும்?"

மங்களேஸ்வரி வாயைக் கொப்புளிச்சா. அப்புறம், "சரி விடு. நீ வந்துட்டு இரு"ன்னா.

"குழுவுல போடுங்கம்மா."

'செடி தேறி வருகிறது'ன்னு போட்டா.

"அது போதாது. உப்பு ஊத்துனது யாருன்னு போடுங்க. நான் நிக்கிறேன்."

டக். டக். டக். 'உப்பு ஊற்றியது நான். அஞ்சுகத்தின் மேல் தவறில்லை.' வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டுத்தான் அஞ்சுகம் நகர்ந்தா. தொட்டியை மறுபடி குளியலறைக்கு இழுத்து, நாலு வாளித் தண்ணி விட்டு, உப்பெல்லாம் தொட்டி அடி ஓட்டை வழியா கடகடன்னு இறங்குற வரைக்கும் மண்ணைக் கழுவினா. தீஞ்ச நுனியைக் கத்தரிக்கோலால நறுக் நறுக்குன்னு வெட்டினா. தீஞ்சது மறுபடி பச்சையாகாது. புதுக் குருத்துதான் பச்சையா வரும்.

அப்போ அவ போன் அடிச்சுது. அவளை நிறுத்தின வீட்டுல ஒண்ணு. "நாளைக்குக் காலையில வந்துடு அஞ்சுகம்."

"சாயங்காலம்தாம்மா வர முடியும். காலை நேரத்தை வேற வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

"நிஜமாவே குடுத்துட்டாளா அத்தே?"

இல்லை. அந்த அம்மா, "சரி, நீ சொல்ற நேரத்துக்கே வா"ன்னா. கதை ஆச்சு. கண்ணை மூடு.