வெற்றுத் தோட்டாவின் கரி

“கரி போகமாட்டேங்குதும்மா,” என்றார் ஏட்டு மருதமுத்து.

ஆயுத அறையின் ஜன்னல் வழியாக ரைபிளை உள்ளே நீட்டினார்.

லூர்துமேரி வாங்கிக்கொண்டாள்.

அந்த ஆயுதப்படை முகாமில் துப்பாக்கிகளைக் கொடுப்பதும், திரும்ப வாங்குவதும், பழுது பார்ப்பதும் அவள் வேலை. ஏட்டைவிடப் பதினேழு வயது சின்னவள். ஆனாலும் துப்பாக்கியில் ஒரு சந்தேகம் என்றால் நாலு முகாம்களிலிருந்து அவளிடம்தான் வருவார்கள். அதிகம் பேசமாட்டாள். குழலுக்குள் துளிக் கரி இருந்தாலும் வாங்கமாட்டாள். ஒரு டி.எஸ்.பி.யின் கைத்துப்பாக்கியையே மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

“அந்தம்மா குழலுக்குள்ளயே குடியிருக்கு. வாடகை மட்டும்தான் குடுக்கல,” என்று கேலி பேசுவார்கள்.

சுட்டவர்தான் துடைக்க வேண்டும். துடைத்து ஒப்படைத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். அது அங்கே மாறாத வழக்கம்.

அவள் ரைபிளின் பின்பக்கத்தைத் திறந்தாள். கட்டைவிரல் நகத்தை உள்ளே சாய்த்து வைத்தாள். நகத்தில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் போனது. முன்பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

“எத்தனை நாளா துடைக்கிறீங்க ஏட்டய்யா?”

“பதிமூணு நாளா.”

“எத்தனை ரவுண்டு?”

“மூணு. வெத்துத் தோட்டா.”

எந்த மூன்று என்று அவள் கேட்கவில்லை. முகாமில் எல்லோருக்கும் தெரியும்.

ஏட்டின் மகன் நல்லசிவமும் போலீஸ்காரன்தான். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போனான். இரண்டு பேரைத் தூக்கிப் படகில் ஏற்றினான். மூன்றாவது ஆளுக்காகக் குதித்தவன் மேலே வரவில்லை. அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. ஏழு பேர் வரிசையாக நின்று வானத்தை நோக்கி மூன்று முறை சுட்டார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருவர் மருதமுத்து. அவரே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. மாட்டேன் என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கு வாய் வரவில்லை.

“பயிற்சியில அம்பது சுட்டாக்கூட ஒரு மணி நேரத்துல துடைச்சிருவேன்,” என்றார். “மூணே மூணுக்கா இவ்வளவு கரி?”

“நிசத் தோட்டாவுல ஈயம் இருக்கு. முன்னால அடைச்சுக்கிட்டு நிக்கும். அந்த அழுத்தத்துல மருந்து முழுசா எரியும். இதுல அடைக்க ஒண்ணும் கெடையாது. பாதி எரிஞ்சும் எரியாம உள்ளயே ஒட்டிக்கும்.”

“யார்மேலயும் போய்ப் படாத தோட்டா.”

“ஆமா.”

“அதுதான் கூடக் கரி விடுமா?”

லூர்துமேரி ரைபிளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாளைக்குக் கொண்டாங்க.”

அன்று அவர் குழலுக்குள் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினார். இரண்டு கெட்டில் தீர்ந்தது. மாலை வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கயிற்றில் துணியைக் கோத்து, ஒரு முனையில் விட்டு மறுமுனையில் இழுத்தார். விட்டார். இழுத்தார். சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் அப்படியே இருந்தது. ஈ மொய்த்த பிறகு யாரோ எடுத்துப் போனார்கள்.

வீட்டிலிருந்து போன் வந்தது. கையெல்லாம் கரி என்று எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மறுபடி ஜன்னலில் நின்றார்.

அவள் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

“அப்படியேதான் இருக்கு.”

“பித்தளை பிரஷ் போட்டுட்டேன். வெந்நீர் ஊத்திட்டேன். இனி என்னதாம்மா செய்யுறது?”

“நாளைக்குப் பதினாறாம் நாள் இல்லையா?”

“ஆமா.”

“காரியத்துக்குப் போகலையா?”

“துப்பாக்கிய ஒப்படைக்காம எப்படிப் போக? நீங்கதான வாங்கமாட்டேங்கிறீங்க.”

சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் நிம்மதி இருந்தது மாதிரிகூட இருந்தது.

லூர்துமேரி கதவைத் திறந்து வெளியே வந்தாள். படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“துடைங்க. நான் பாக்குறேன்.”

ஏட்டு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். கயிற்றின் காதில் கோத்தார். இழுத்தார். துணி கறுப்பாக வந்தது. அதை உருவி, மறுபக்கம் மடித்து, மறுபடி கோத்தார். இழுத்தார். கறுப்பாகத்தான் வந்தது. மறுபடி மடித்தார்.

“அது எத்தனாவது துணி?”

அவர் துணியைக் கயிற்றில் கோத்தார்.

“ஏட்டய்யா.”

“ஒரே துணிதான்.”

“பதினாலு நாளாவா?”

“ம்.”

“உள்ள கட்டுக்கட்டா துணி கெடக்கு. கேட்டா குடுத்திருப்பேனே.”

அவர் துணியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

“இருபத்தெட்டு வருஷ சர்வீஸு உங்களுக்கு,” என்றாள். “எடுத்த கரியத் திரும்ப உள்ளயே கொண்டுபோய்த் தடவுறோம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றார் மருதமுத்து.

வேப்பிலை ஒன்றிரண்டு படியில் விழுந்தது. மைதானத்தில் யாரோ பயிற்சிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

லூர்துமேரி அவர் மடியிலிருந்து ரைபிளை எடுத்தாள். உள்ளே போனாள். அவரும் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

அவள் குழலின் முன்வாயில் தக்கையை வைத்து அடைத்தாள். பின்பக்கமாக எண்ணெய் ஊற்றினாள். நிறைந்து விளிம்பில் நின்றதும் நிறுத்தினாள். முன்வாய் கீழே இருக்கும்படியே ரைபிளை மூலையில் சாய்த்து வைத்தாள்.

“ஊறணும்,” என்றாள்.

“எவ்வளவு நேரம்?”

“அது இளகுற வரைக்கும்.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யுறது?”

அவள் சுவர்ப் பலகைக்குப் போனாள். யார் துப்பாக்கி வெளியே இருக்கிறதோ அவர் பெயர் அட்டை அங்கே ஆணியில் தொங்கும். மருதமுத்துவின் அட்டையைக் கழற்றினாள். ஜன்னல் வழியாக நீட்டினாள். துப்பாக்கியை வாங்கியாகிவிட்டது என்று அர்த்தம்.

அவர் வாங்கவில்லை.

“கரி இருக்கே.”

“இருக்கு.”

“கரியோட வாங்கமாட்டீங்களே நீங்க.”

“வாங்கிட்டேன்.”

“வேணாம்மா. இன்னும் ஒரே ஒரு நாள் குடுங்க. சுத்தமாத் துடைச்சுக் கொண்டாந்திருவேன்.”

அவள் அட்டையை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

ஏட்டு நின்றுகொண்டே இருந்தார். இரண்டு கைகளும் சும்மா தொங்கின. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார், பிறகு பிரித்தார்.

“வரிசையில நின்னா அழக்கூடாதில்ல,” என்றார். “அதுக்காகத்தான் கேட்டு நின்னேன். கொள்ளி வைக்கிற எடத்துல நிக்க என்னால ஆகாதுன்னு தோணுச்சு. என் தம்பியை வைக்கச் சொல்லிட்டேன்.”

லூர்துமேரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவனைக் கொண்டார வண்டி வர்றதுக்கு முந்தியே எங்களை நிறுத்திட்டாங்க. நேராப் பாக்கணும். அப்புறம் மேல பாக்கணும். சுட்டு முடிச்சதும் திரும்பி நடன்னாங்க. நடந்துட்டேன்.”

கட்டையில் கிடந்த அட்டையை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

“எங்க வீட்டுக்காரி அன்னிக்கு ஒரே ஒரு பேச்சுதான் பேசுனா. ‘ஊரே எம்புள்ள முகத்தப் பாத்துச்சு. பெத்தவரு வானத்தப் பாத்துக்கிட்டு நின்னாரு’ன்னு. எங்கிட்டகூடச் சொல்லல. பக்கத்துல இருந்தவகிட்டச் சொன்னா. நான் கேக்குற மாதிரி.”

“ம்.”

“அவ முன்னாடி போய் நான் எப்படி நிக்க?”

லூர்துமேரி எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகி மூடினாள். சரியாக மூடியிருக்கிறதா என்று மறுபடி ஒரு தடவை திருகிப் பார்த்தாள்.

“நீங்க அன்னிக்கு வந்திருந்தீங்கல்லம்மா?”

“வந்திருந்தேன்.”

“கிட்டப் போய்ப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணிக்குள்ள ரெண்டு நாள் கெடந்தவன். எப்படி இருந்தான்? அடையாளம் தெரிஞ்சுச்சா? கண்ணு மூடி இருந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

“சொல்லமாட்டேன் ஏட்டய்யா.”

“ஏம்மா?”

“சொல்லிட்டா நீங்க வீட்டுக்குப் போய் அவங்ககிட்டக் கேக்கமாட்டீங்க.”