பாதி மங்கிய நட்சத்திரம்

மலைமேல் இருந்த ஒரு வானாய்வகத்தில் தமயந்தி தொலைநோக்கியை இயக்கிவந்தாள். இயக்குநர் வேதாசலத்துக்கு எதிலும் அவசரம். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய பதிவில் ஒரு நட்சத்திரம் மூன்று நாளுக்கொரு முறை லேசாக மங்கியது. அதன் குறுக்கே ஒரு கோள் போகிறது என்று அவரே முடிவுகட்டி, நிருபர்களையும் அழைத்துவிட்டார்.

"சார், நம்ம தொலைநோக்கியில பார்த்ததுல..." என்று தமயந்தி நான்கு முறை ஆரம்பித்தாள்.

நான்கு முறையும் அவர் கையமர்த்தினார். "விளக்கம் கேட்டேனா? கூட்டத்துல நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இல்லேன்னா வேற வேலை தேடிக்கோ."

தமயந்திக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கூட்டத்தில் அவர் கம்பீரமாகக் கேட்டார். "நான் சொன்ன நேரத்துக்கு மங்குச்சா?"

"ஒரு நிமிஷம்கூடப் பிசகாம மங்குச்சு சார்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எவ்வளவு மங்குச்சு? சொல்லு!"

"பாதிக்குப் பாதி சார்."

கைதட்டல் நின்றது. "ஒரு கோள் நட்சத்திரத்துல பாதியை மறைக்குமா?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

"என் நட்சத்திரம் பாதி மங்குச்சா?" என்று வேதாசலம் அலறினார்.

"உங்களோடது மங்கவே இல்ல சார். மங்கினது பக்கத்துல இருக்கற சின்னது. அது ரெண்டு நட்சத்திரம், ஒண்ணையொண்ணு சுத்தி மறைக்குது. விண்வெளித் தொலைநோக்கிக்கு எல்லாம் ஒரே புள்ளியாத் தெரிஞ்சதால, லேசா மங்கின மாதிரி இருந்திருக்கு. நம்மளோடதுல உங்களோடது தனியா, அது தனியாத் தெரியுது."

நிருபர்கள் நாற்காலிகளைத் தமயந்தி பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"மேடம், உங்க பேர் என்ன?"