வாசல் பலகையின் மூன்றாவது எழுத்து

சீனத்தின் மலையடிவார ஊர் ஒன்றில் பெய் யுவான் என்ற எழுத்துக்கலை ஆசான் இருந்தார். அவருடைய தூரிகை இழுத்த கிடைக்கோட்டைப் பார்த்தாலே யார் எழுதியது என்று ஊர் சொல்லிவிடும். கோடு முடிகிற இடத்தில் சற்றே கீழே சரிந்து, பிறகு நிமிரும். அந்தச் சரிவுக்குப் ‘பெய் வளைவு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவரிடம் படிக்க வந்தவர்கள் முதல் மூன்று வருஷம் அந்த வளைவை எழுதியே தேய்ந்தார்கள்.

புதிதாகக் கட்டிய கோட்டை வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பொறுப்பு அவருக்கு வந்தது. ‘தெளிந்த நீர் வாசல்’. சீன மொழியில் மூன்றே எழுத்து. இரண்டை எழுதி முடித்த அன்று பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது.

மூன்றாவதை மூத்த சீடர் கெங் ஹாவ் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். கெங் ஹாவுக்கு ஐம்பது வயது. இருபத்தாறு வருஷமாக ஆசானின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். ஐந்து நாளுக்குள் முடியாவிட்டால் மூன்றையும் வேறொரு ஆசானிடம் எழுதி வாங்கிக்கொள்வதாக நகர அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். ஆசான் கடைசியாக எழுதிய இரண்டும் அடுப்புக்குப் போய்விடுமே என்று கெங் ஹாவ் உடனே மை அரைக்க உட்கார்ந்தார்.

முதல் நாள் எழுதிக் கொண்டுபோனார். படுக்கையில் சாய்ந்திருந்த ஆசான் வேண்டாம் என்று தலையசைத்தார். அடுத்த இரண்டு நாளும் அதே கதைதான். நான்காம் நாள் எழுதியதை மற்ற சீடர்கள் ஆசானின் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது யாருடையது என்று தெரியாமல் விழித்தார்கள். கெங் ஹாவ் உள்ளூரப் பெருமையோடு அதை எடுத்துப் போனார்.

ஆசான் நெடுநேரம் பார்த்தார்.

“உன் மணிக்கட்டு எப்போது உடைந்தது?”

“உடையவே இல்லையே, ஐயா.”

“என்னுடையது பதினேழு வயதில் உடைந்தது. கோவேறு கழுதை தள்ளிவிட்டது. கட்டுப் போட்டவன் கோணலாகப் போட்டான். அன்றிலிருந்து கோடு முடியும்போது கை சரியும். நான் இழுத்து நிமிர்த்துவேன்.”

ஒரு கழுதை செய்த வேலையையா இருபத்தாறு வருஷம் சாதகம் செய்தோம் என்று கெங் ஹாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

“எல்லாரிடமும் சொன்னேன். அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள்.”

“அப்படியானால் உங்களிடம் நான் கற்றது என்ன?”

“கோணல் கையை வைத்துக்கொண்டு நேராகப் போகப் பார்த்தேனே, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தாய். உன் கை நல்ல கை. போய் எழுது.”

ஐந்தாம் நாள் காலை கெங் ஹாவ் மை அரைத்து, ஒரே மூச்சில் எழுதினார். கோடு சரியவில்லை. யாரோ அந்நியன் எழுதியதுபோல் இருந்தது, அவருக்கே பயமாகிவிட்டது. ஆசான் ஒரு தடவை பார்த்தார். தச்சரிடம் கொடுத்துச் செதுக்கச் சொல் என்றார், அவ்வளவுதான்.

பலகை ஏறிய நாளில் ஆசானை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். வாசலடியில் நல்ல கூட்டம். முதல் இரண்டும் ஒரு கை, மூன்றாவது வேறு கை என்று, எழுதப் படிக்கத் தெரியாத கீரைக்காரிகள்கூடப் பேசிக்கொண்டார்கள். கெங் ஹாவுக்குத் தலை நிமிரவில்லை.

“மன்னியுங்கள், ஐயா. உங்கள் கை எந்த இடத்தில் நின்றுபோனது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.”

பெய் யுவான் மூன்றாவது எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த பெருமையை அவர் மறைக்கவில்லை.

“என் கை நின்ற பிறகும் எழுத்து தொடர்ந்து போகிறது. அதுவும் தெரியட்டும்.”